ஹாட்ஸ்பாட்டில் கரையும் டேட்டா: பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையிலிருந்து சென்னைக்கு வரும் பகல் ரயில் ஒன்றில், கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை மடிக்கணினியோடு இணைத்து ஒரு சிறிய அறிக்கையை முடித்து அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன். திண்டுக்கல் தாண்டிய சிறிது நேரத்திலேயே அன்றைய 2 ஜிபி டேட்டாவும் தீர்ந்துவிட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. நான் திறந்து வைத்திருந்ததோ ஒரே ஒரு கோப்பு. பின்னணியில் இறங்கிக்கொண்டிருந்த மென்பொருள் அப்டேட்டும், முந்தைய வாரம் எடுத்த படங்களை மேகச் சேமிப்பகத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்த செயலியும் மீதி அனைத்தையும் எடுத்துக்கொண்டன.

இது தற்செயலாக நேர்வதன்று. ஹாட்ஸ்பாட் என்பது, டவரிலிருந்து கைப்பேசிக்கு வரும் இணைப்பை வைஃபையாக மாற்றிப் பிற கருவிகளுக்குத் தருவது. அதைப் பெறும் மடிக்கணினியோ, நாம் சொல்லாவிட்டால், வரம்பில்லாத வீட்டு பிராட்பேண்டில் இருப்பதாகவே பெரும்பாலும் எண்ணிக்கொள்கிறது. எனவே முதலாவதும் பெரியதுமான தவறு, இணைப்பின் தன்மையைக் கணினிக்குச் சொல்லாமல் விடுவது. விண்டோஸில் அந்த வைஃபையின் பண்புகளுக்குள் சென்று ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்பதை இயக்கினால், அவசியமானவை தவிர மற்ற அப்டேட்டுகள் காத்திருக்கும். மைக்ரோசாஃப்டின் மேகச் சேமிப்பகமான ஒன்டிரைவும் கோப்புகளை ஏற்றுவதை நிறுத்தி வைக்கும். மேக் கணினிகளின் புதிய பதிப்புகளிலும், ஐஓஎஸ் 13 முதல் ஐபோன், ஐபேடுகளிலும் இதே வேலையை ‘லோ டேட்டா மோட்’ செய்கிறது. இந்த அமைப்பு ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் தனித்தனியானது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஹாட்ஸ்பாட்டின் பெயரை மாற்றினால் கணினி அதைப் புதிய இணைப்பாகக் கருதும். மீண்டும் ஒருமுறை சொல்லியாக வேண்டும்.

தினசரி வரம்பு தீர்ந்த பின் பல திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸாகக் குறைகிறது. அதாவது நொடிக்கு 8 கிலோபைட். ஒரு எம்பி அளவுள்ள படம் இறங்கவே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். இணைப்பு அறுந்துவிட்டதாக நினைத்துக் கைப்பேசியை அணைத்து அணைத்துப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மீதமுள்ள டேட்டாவை. எச்டி தரத்தில் நெட்ஃபிளிக்ஸ் பார்த்தால் மணிக்கு 3 ஜிபி வரை செலவாகும் என்று அந்நிறுவனமே குறிப்பிடுகிறது. பயணத்தில் பார்க்க வேண்டியதை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொள்வதும், செல்லும் ஊரின் கூகுள் வரைபடத்தை ஆஃப்லைனில் சேமித்துக்கொள்வதும் பெரிய வேலைகள் அல்ல.

டேட்டாவைச் சேமிக்கிறேன் என்று கைப்பேசியில் ‘டேட்டா சேவர்’ வசதியை இயக்கிவிட்டு, ஹாட்ஸ்பாட் ஏன் எழவில்லை என்று தேடுவதும் உண்டு. பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இவ்விரண்டும் ஒன்றாக இயங்குவதில்லை. சிக்கனத்தைக் கணினியின் பக்கம் செய்துகொண்டு, டேட்டா சேவரை அணைத்துவிடுவதே சரி. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகும்போது பழைய மடிக்கணினியின் பட்டியலில் அதன் பெயரே தெரியாமல் போகலாம், அப்போது 2.4-க்கு மாற்ற வேண்டும். ஐபோன் 12 முதல் உள்ளவற்றில் இதற்கு ‘மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி’ என்று பெயர்.

ஏசி பெட்டியின் உலோகச் சுவரும் கண்ணாடியும் டவர் சிக்னலைக் கணிசமாகக் குறைப்பதால், கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மடிக்கணினியை ஜன்னலோரம் நகர்த்துவதில் பயனில்லை. டவரோடு பேசுவது கைப்பேசிதான். ஜன்னலருகே இருக்க வேண்டியதும் அதுவே. ஆனால் நேர்வெயிலில் வைத்தால் வேறு தொல்லை வரும். ஐபோனைப் பயன்படுத்துவதற்கு ஏற்ற சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் என்கிறது ஆப்பிள்; நம் ஊர்ச் சித்திரை வெயில் அதை எளிதில் தாண்டிவிடும். 5ஜி, ஹாட்ஸ்பாட், சார்ஜிங் ஆகிய மூன்றும் சேர்ந்து சூடேறினால் கைப்பேசி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒரே ஒரு கணினிக்குத்தான் நெட் வேண்டுமென்றால் யூஎஸ்பி கேபிள் வழியாக இணைப்பைப் பகிரும் டெதரிங்கே மேல்: வைஃபை ஒலிபரப்பும் செலவு மிச்சம், பேட்டரியும் ஓரளவு ஏறும். சிக்னல் விட்டுவிட்டு வரும் பாதையில் 5ஜி-யை அணைத்து 4ஜி-யில் நிறுத்திக்கொள்வதும் உதவும்.

இரண்டு சிம் வைத்திருப்பவர்கள் ஒன்றை அறிந்திருப்பது நல்லது. டேட்டாவுக்குப் பயன்படுத்தாத சிம்மில் அழைப்பு வந்தால், பெரும்பாலான கைப்பேசிகளில் அந்த அழைப்பு முடியும் வரை டேட்டா நின்றுவிடும். காணொளிக் கூட்டத்தின் நடுவே இது நேர்ந்தால் காரணம் புரியாமல் திகைப்போம். சிம் அமைப்புகளில் அழைப்பின்போது டேட்டாவை மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் முன்கூட்டியே இயக்கிவிட வேண்டும். அப்போது இரண்டாவது சிம்மிலும் டேட்டா இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சொந்த டேட்டா தீர்ந்ததும் நிலையத்து வைஃபையைத் தேடுவது இயல்பு. 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கிய, ரயில்வேயின் தொலைத்தொடர்பு நிறுவனமான ரெயில்டெல்லின் ரெயில்வயர் வைஃபை சேவை இன்று 6,000-க்கும் மேற்பட்ட நிலையங்களில் கிடைக்கிறது. நாளொன்றுக்கு முதல் அரை மணி நேரம் இலவசம், அதற்குக் கைப்பேசி எண்ணும் ஓடிபியும் போதும். ஆனால் ஒத்த பெயரில் யார் வேண்டுமானாலும் ஒரு வைஃபையைத் திறந்து வைக்க முடியும். அதன் நுழைவுப் பக்கம் யூபிஐ பின் எண்ணையோ மின்னஞ்சல் கடவுச்சொல்லையோ கேட்டால் உடனே விலகிவிட வேண்டும். யூபிஐ பின்னை எந்த இணையப் பக்கத்திலும் தட்டக் கூடாது. வேலை முடிந்ததும் அந்தப் பெயரைக் கைப்பேசியின் நினைவிலிருந்து நீக்கிவிட்டால், அடுத்த முறை தானாகப் போய் ஒட்டிக்கொள்ளாது.

இத்தகைய ஆபத்துகளுக்காகவே, இணையப் போக்குவரத்தைப் பிறர் படிக்க முடியாதபடி மறைத்து அனுப்பும் விபிஎன்னை வைத்திருப்பவர்களும் ஓரிடத்தில் தவறுகிறார்கள். கைப்பேசியில் விபிஎன் ஓடுவதால், அதன் ஹாட்ஸ்பாட்டில் இணைந்த மடிக்கணினிக்கும் அதே பாதுகாப்பு கிடைக்கும் என்று நம்புகிறார்கள். பொதுவாக அப்படி நடப்பதில்லை: கைப்பேசியின் சொந்தச் செயலிகள் மட்டுமே அந்த வழியாகச் செல்கின்றன, மடிக்கணினியின் போக்குவரத்து அதைத் தொடாமல் நேராக வெளியேறிவிடுகிறது. அலுவலகக் கோப்புகளைத் திறப்பவர்கள் விபிஎன்னை மடிக்கணினியிலேயே இயக்க வேண்டும்.