முனி நிற்கும் வாசல்: கற்பனை நகரத்துக்கு நைட் கிளப் கட்டுவது எப்படி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எந்த நைட் கிளப்புக்குள்ளும் கால் வைத்ததில்லை. காரைக்குடியில் மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், எதுவானாலும் சரி. ஞாயிறு ராத்திரி கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஐந்து பேர் ரோல் பிளேயிங் கேம் ஆடுகிறோம், அதாவது ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் ஒரு கதையை நகர்த்தும் ஆட்டம். கதை நடத்துவது நான். கதை நடப்பது 2190-இல், இதே செட்டிநாட்டில். மந்திரம் திரும்பி வந்துவிட்டது. ஊரைக் கம்பெனிகள் பங்கு போட்டுக்கொண்டுவிட்டன. பாதி உடம்பு இயந்திரமானவனும் யாளி முகத்தோடு பிறந்தவனும் ஒரே டீக்கடையில் கடன் சொல்கிறார்கள்.

இந்த மாதிரி ஆட்டத்துக்கு நைட் கிளப் இல்லாமல் முடியாது. ஆள் தேட, சரக்கு மாற்ற, அடிதடி தொடங்க, எல்லாவற்றுக்கும் அதுதான் இடம். நான் கட்டிய முதல் கிளப் பெயர் ‘தேவலோகம்’. தங்கத் தூண், மிதக்கும் மேடை, பறக்கும் அப்சரஸ். இரண்டு பக்கம் வர்ணனை எழுதி வாசித்தேன். வாசித்து முடித்ததும் ஆத்தங்குடியில் தரைக்கல் போடும் நண்பன் கேட்டான்: “சரி மாப்ளே, இங்க என்ன பண்றது?” பதில் இல்லை. பத்து நிமிஷத்தில் எல்லாரும் வெளியே வந்து டீக்கடைக்கே போய்விட்டார்கள்.

அலங்காரத்திலிருந்து தொடங்கியதுதான் நான் செய்த தப்பு. இப்போது ஒரே ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்: இந்தக் கட்டடம் இதற்கு முன்னால் என்னவாக இருந்தது?

நிஜத்திலும் பேர்போன கிளப்புகள் பல பழைய கட்டடங்களில்தான் முளைத்தன. நியூயார்க்கின் ஸ்டுடியோ 54, 1977-இல் கிளப் ஆவதற்கு முன் ஓபரா அரங்கமாகவும் பிறகு டிவி ஸ்டுடியோவாகவும் இருந்தது. மான்செஸ்டரில் 1982-இல் திறந்த ஹசியெண்டா, உல்லாசப் படகு விற்கும் காட்சிக்கூடமாக இருந்த இடம். பெர்லினின் பெர்க்ஹைன் பழைய மின்நிலையம். நமக்கு இதை யாரும் சொல்லித்தரவும் வேண்டாம். சினிமா ஷூட்டிங்குக்கும் ஹோட்டலுக்கும் விட்ட பெரிய வீடுகளைப் பார்த்துத்தானே வளர்ந்தோம்? முகப்பில் அப்பச்சி உட்கார்ந்த பட்டாலைத் திண்ணையில் இன்று ரிசப்ஷன் மேஜை.

உதாரணத்துக்கு எங்கள் ஆட்டத்தின் ‘கிட்டங்கி’யைச் சொல்கிறேன். கிட்டங்கி என்றால் வெளிநாடு போன செட்டியார்களின் பொதுக் கடைக்கூடம். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் ஒரே கூடத்தில் பல வட்டிக்கடைக்காரர்கள் ஆளுக்கொரு பெட்டியோடு வரிசையாகத் தரையில் உட்கார்ந்து தொழில் செய்தார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். கிளப்பில் நாற்காலி கிடையாது. பெட்டிக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பவர் காசு வாங்க மாட்டார். உங்கள் நினைவு ஒன்றை அடகு வைக்க வேண்டும். அதற்கு ஈடாக வேறொருவர் நினைவை ஒரு ராத்திரிக்குத் தருவார். விடியும்முன் திருப்பாவிட்டால் வட்டி ஏறும், அதாவது பக்கத்து நினைவும் போகும். எங்கள் குழுவில் நர்ஸ் வேலை பார்க்கும் அக்காவின் கதாபாத்திரம் தன் கல்யாண நாளை அடகு வைத்துவிட்டு மீட்க முடியாமல் மூன்று வாரம் அலைந்தது. கட்டடத்தின் பழைய தொழிலே கிளப்பின் சட்டமாகிவிட்டால் “இங்க என்ன பண்றது” என்று யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று ‘உப்புப் பாலம்’. காரைக்குடியில் செக்ரி இருக்கிறது, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் திறந்தார்கள். எங்கள் 2190-இல் அதே மாதிரி ஒரு ஆய்வுக்கூடத்தின் இடிபாட்டில் கிளப் நடக்கிறது. இரண்டு கூடங்கள், நேர்முனை, எதிர்முனை. பேட்டரியில் எலக்ட்ரான் வெளிக் கம்பி வழியாகப் போகும், அயனி உள்ளே உப்புப் பாலம் வழியாக நகரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். இங்கே மனிதர்கள் வெளித் தாழ்வாரம் வழியாகவும் ஆவிகள் உப்பு பரப்பிய நடைபாதை வழியாகவும்தான் கூடம் மாறலாம். ஆள் நடமாட்டம் நின்றால் விளக்கு அணையும். இருட்டு தேவைப்பட்டபோது எங்கள் ஆட்கள் ஒரு ஒயரைக்கூட வெட்டவில்லை, தாழ்வாரத்தில் ஒரு சண்டையைக் கிளப்பி வழியை அடைத்தார்கள்.

அடுத்தது வாசல். எங்கள் கிளப்புகளில் காவலுக்கு ஜிம் உடம்புக்காரன் நிற்பதில்லை. எல்லைக் காவலுக்கு முனி. சுருட்டு கொண்டுவந்தால் முகம் மலரும், பொய் சொன்னால் கோபம் வரும். அவர் கையில் ஒரு அல்ட்ரா வயலட் விளக்கு. அந்த வெளிச்சத்தில் பல் மினுங்கும், சலவைத்தூளில் துவைத்த வெள்ளை வேட்டி நீலமாய் ஜொலிக்கும், கொய்னா கலந்த டானிக் வாட்டரும் நீலமாக ஒளிரும். இதெல்லாம் நிஜ இயற்பியல், கடையில் லைட்டை வாங்கிப் போட்டே பார்க்கலாம். கற்பனை அதற்கு மேல்தான்: மந்திரத்தால் உருமாறி வந்தவன் பல் ஒளிராது. வாயை மூடிக்கொண்டே உள்ளே போக முயன்ற எங்கள் திருடனை முனி ஜோக் சொல்லிச் சிரிக்க வைத்துப் பிடித்தார்.

இனி என் தொழில், சத்தம். கதை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் “பாட்டு பயங்கரமாக ஒலிக்கிறது” என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். வயிறு எரிகிறது. பேஸ், அதாவது கனத்த அடிச்சத்தம், சுவரைத் தாண்டும். ட்ரெபிள், அதாவது கீச்சுச் சத்தம், சுவரோடு நின்றுவிடும். நாற்பது ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளமே எட்டரை மீட்டர், அதற்குச் சுவர் எம்மாத்திரம்? ஆகவே இரண்டு தெரு தள்ளி வரும்போது ‘தும் தும்’ மட்டும் கேட்கட்டும். வாசலில் தாளம் தெளியட்டும். கதவு திறந்த பிறகுதான் பாடுகிறவர் குரல்.

இன்னொரு விஷயம் மண்டபத்தில் ஸ்பீக்கர் பெட்டி இறக்கிய எவனுக்கும் தெரியும். வழவழச் சுவரும் கல் தரையுமாக இருக்கும் வளவில், அதாவது செட்டிநாட்டு வீட்டின் முற்றத்துக் கூடத்தில், காலையில் மைக் சோதித்தால் சொன்ன சொல்லே புரியாது, எதிரொலி குழப்பும். ஜனம் வந்து உட்கார்ந்ததும் அதே செட்டிங்கில் குரல் சுத்தமாகிவிடும். மனித உடம்பும் துணியும் சத்தத்தைக் குடித்துவிடுகின்றன. இதை ஆட்டத்தில் துப்பாக வைத்தேன். இருட்டுக் கூடத்தில் பாட்டு திடீரென்று எதிரொலிக்க ஆரம்பித்தது. கல்போடும் நண்பன்தான் பிடித்தான்: “மாப்ளே, கூட்டம் காலியாயிருச்சு. நம்மள மட்டும் உள்ள வச்சுப் பூட்டிட்டானுங்க.”

திடீர் சம்பவங்களுக்குப் பகடை வேண்டும். பல முகப் பகடை வாங்கக் காசில்லாத நாளில் வீட்டுத் தாயக்கட்டையை எடுத்தோம், இன்றும் அதுதான். ஒரு கட்டைக்கு நாலு முகம்: வெற்று, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு கட்டை உருட்டினால் பதினாறு விதமாக விழலாம். அதில் மூன்று விழ நான்கு வழி, தாயத்துக்கு, அதாவது ஒன்றுக்கு, இரண்டு வழி, ஆறுக்கு ஒரு வழி, இரண்டும் வெற்றாக விழும் பன்னிரண்டுக்கும் ஒன்றுதான். அதனால் அடிக்கடி நடக்கலாம் என்பதை மூன்றில் வையுங்கள்: யாரோ உங்களை வேறு ஆளாக நினைத்துக் கடனைத் திருப்பிக் கேட்கிறார். தாயத்துக்கு ஒரு நல்லது. பன்னிரண்டுக்கு மட்டும் கிளப்பின் பழைய உயிர் விழிக்கட்டும். கிட்டங்கியில் அது விழுந்த அன்று கணக்குப் புத்தகங்கள் தாமாகப் பேரேடு வாசிக்கத் தொடங்கின.

சாப்பாட்டைப் பற்றி நீட்ட மாட்டேன். மூன்று மணிக்கு ஒரு மூலையில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் கிடைக்கட்டும், போதும். எதிரிகள் அங்கேதான் பேசிக்கொள்வார்கள்.

கடைசியாக நாலு மணியை எழுதுங்கள். லைட் போட்டதும் தரையில் எச்சில், உதிர்ந்த செதில், அறுந்த ஒயர். ஒரு ஆச்சி விளக்குமாறோடு வருவார். ராத்திரி யார் எதைத் தவறவிட்டார்கள் என்பது முதலாளியைவிட அவருக்குத்தான் தெரியும். எங்கள் ஆச்சி பொறுக்கியதையெல்லாம் ஒரு ஓலைக் கொட்டானில் போட்டு வைத்திருக்கிறார். கேட்டால் தருவார். விலை பேசினால் மூடியைச் சாத்திவிடுவார்.