மனநல உதவி தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனநலத்தைப் பற்றிய பேச்சுகளில், உதவியை நாட மறுப்பதே பெரிய தவறாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் பலர் உதவியை நாடத்தான் செய்கிறார்கள். ஆனால் பொருத்தமில்லாத இடத்தில் நாடுகிறார்கள், அல்லது கிடைத்த உதவியைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

"வேலைக்குப் போய்க்கொண்டுதானே இருக்கிறேன், அழவில்லையே, எனக்கென்ன?" என்று கேட்டுக்கொள்வது முதல் பிழை. மனச்சோர்வு எப்போதும் அழுகையாகவே வெளிப்படுவதில்லை. தீராத தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, வயிற்று எரிச்சல், விடியற்காலை மூன்று மணிக்கே வந்துவிடும் விழிப்பு என்று உடம்பின் வழியாகவே பலரிடம் அது தலைகாட்டுகிறது. இசிஜி, ஸ்கேன், எண்டோஸ்கோப்பி என ஒரு பை நிறைய அறிக்கைகள் சேர்ந்து, அத்தனையிலும் 'நார்மல்' என்று வந்த பிறகே மனத்தின் நினைவு வருகிறது. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. தைராய்டு சுரப்புக் குறைவும் இரத்தசோகையும் மனச்சோர்வைப் போலவே ஆளை முடக்கக்கூடியவை என்பதால், அவற்றுக்கான இரத்தப் பரிசோதனையைத் தவிர்த்துவிட்டு எல்லாம் மனம்தான் என்று முடிவு கட்டுவதும் சரியன்று.

மனச்சோர்வின் அளவைக் கணிக்க இணையத்தில் கிடைக்கும் பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்வி வினாப்பட்டியல் பயனுள்ளது. கடந்த இரண்டு வாரங்களில் ஆர்வமின்மை, தூக்கம், பசி, கவனம் போன்றவை எத்தனை நாள் தொல்லை தந்தன என்று அது கேட்கிறது. அதிகபட்ச மதிப்பெண் 27, அதில் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. ஒரு மோசமான மாலைப்பொழுதை மட்டும் மனத்தில் வைத்து அதை நிரப்புவதும், வந்த எண்ணையே நோயின் பெயராக எடுத்துக்கொள்வதும் தவறு. சாவைப் பற்றிய எண்ணத்தைக் கேட்கும் ஒன்பதாவது கேள்விக்கு 'ஒருநாளும் இல்லை' என்பதைத் தவிர வேறு எந்த விடை வந்தாலும், மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே உதவி தேட வேண்டும்.

யாரிடம் போவது என்பதில் குழப்பம் அதிகம். மனநல மருத்துவர் எம்பிபிஎஸ் முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர். மருந்து எழுதித் தருபவர் அவரே. மருத்துவ உளவியலாளர் மருந்து தருவதில்லை. பேச்சுவழிச் சிகிச்சை அளிப்பார், இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றிருப்பார். சில நாள் பயிற்சிச் சான்றிதழோடு 'கவுன்சலிங்' பலகை மாட்டியவர்களும் இருப்பதால், படிப்பையும் பதிவையும் கேட்பதில் கூச்சம் தேவையில்லை. தனியாரிடம் செலவு கட்டுப்படியாகாது என்று தள்ளிப்போடுபவர்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதை யாரும் தடுக்க வேண்டியதில்லை. அதற்காகச் சிகிச்சையை நிறுத்துவதுதான் ஆபத்து. 2001 ஆகஸ்டில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நாடி வந்த மனநோயாளிகளுக்கான காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகி இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகவே தடை செய்கிறது.

மருந்து விஷயத்தில் நடக்கும் தவறுகளே என் பார்வையில் மிகுந்த சேதம் விளைவிப்பவை. மனச்சோர்வு மாத்திரைகளின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். குமட்டல் போன்ற பக்கவிளைவுகளோ முதல் சில நாட்களிலேயே வந்துவிடும். ஆகவே பலன் தொடங்கும் முன்பே பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். தாக்குப்பிடித்தவர்களிலும் சிலர் குணம் தெரிந்தவுடன் தாமாகவே விட்டுவிடுகிறார்கள். குணமான பிறகும் ஆறு மாதங்களாவது தொடர்ந்து, பிறகு மருத்துவர் சொல்லும் விதத்தில் படிப்படியாகக் குறைப்பதுதான் பொதுவான முறை. வேடிக்கை என்னவென்றால், "பழகிவிடும்" என்று இந்த மாத்திரைகளுக்கு அஞ்சுபவர்களில் சிலரே, உண்மையில் பழக்கமாகக்கூடிய, பதற்றத்துக்குத் தரப்படும் அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளைப் பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

துணைக்கு வரும் உறவினர் எல்லாக் கேள்விகளுக்கும் தாமே பதில் சொல்லிவிடுவதும் நம் வீடுகளில் சகஜம். சிறிது நேரமாவது மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம்; சொன்னதை இரகசியமாக வைத்திருக்கும் கடமையை மேற்சொன்ன மனநலப் பராமரிப்புச் சட்டமே அவருக்கு விதிக்கிறது. முதலில் பார்த்தவரோடு மனம் ஒட்டவில்லையென்றால் வேறொருவரைப் பார்க்கலாமே தவிர, சிகிச்சையையே கைவிட வேண்டியதில்லை.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சம் ஆதாரமற்றது. நேராகவே கேட்க வேண்டும். ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அவர் கைக்கு எட்டாதபடி அப்புறப்படுத்திவிட்டு, 24 மணி நேரமும் இயங்கும் அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மானஸ் சேவையின் 14416 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்க வேண்டும். ஆபத்து நெருங்கியதாகத் தோன்றினால் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே அழைத்துச் செல்ல வேண்டும்.