நேர்முகத் தேர்வுச் சட்டையைப் பேருந்தில் அணியாதீர்கள்

நேர்முகத் தேர்வுக்கான உடையைப் பற்றிச் சொல்பவர்கள் பெரும்பாலும் நிறத்திலிருந்து தொடங்குவார்கள். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் பயணத்திலிருந்து தொடங்குவதே வழக்கம். அம்பாசமுத்திரத்திலோ திசையன்விளையிலோ காலை ஏழு மணிக்குப் பேருந்து ஏறி, பத்து மணிக்குப் பாளையங்கோட்டையிலோ மதுரைச் சாலையில் உள்ள கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையிலோ நாலு பேர் முன்னால் உட்காரப் போகிறவரின் சட்டையை அந்த மூன்று மணி நேரம்தான் கெடுக்கிறது. என் முதல் நேர்முகத் தேர்வுக்கு வெள்ளைச் சட்டையை வீட்டிலேயே அணிந்துகொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். இறங்கிப் பார்த்தபோது வலக்கை நெடுக ஜன்னல் கம்பியின் துரு ஒட்டியிருந்தது. கேட்ட கேள்விகளுக்கு விடை தெரிந்திருந்தும், அந்தக் கறையை மேசைக்குக் கீழே மறைப்பதிலேயே என் கவனம் போய்விட்டது.

ஆகவே சட்டையைக் கையில் கொண்டு செல்லுங்கள். பொத்தான்களைப் பூட்டி, பழைய வேட்டித் துணி ஒன்றை உள்ளே வைத்து மடித்து, சான்றிதழ்க் கோப்பின் மேல் படிய வைத்தால் மடிப்பு கலையாது. செய்தித்தாளை வைத்தால் மை ஒட்டும். பேண்ட் அடர்நிறமாக இருந்தால் வீட்டிலிருந்தே அணிந்து வரலாம், இருக்கைத் தூசியைத் தட்டிவிட்டால் போதும். பேருந்து நிலையக் கழிப்பறையின் ஈரத்தரையில் நின்று உடை மாற்றுவது எனக்கு உடன்பாடில்லை. ஊருக்குள் சொந்தக்காரர் வீடோ நண்பரின் விடுதி அறையோ இருந்தால் முதல் நாளே சொல்லி வையுங்கள். முகம் கழுவி, மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிடம் உட்கார்ந்து, வியர்வை அடங்கிய பிறகே சட்டையை எடுங்கள். சென்னைக்கு இரவு ரயிலில் போகிறவர்களும் இப்படியே செய்யலாம். ரயில் நிலையத்தின் காத்திருப்போர் அறை அதற்குப் பயன்படும்.

இனி சட்டை. நம் வெயிலுக்குப் பருத்தியே நல்லது என்றாலும், முழுப் பருத்தி விரைவில் கசங்கும். முழு பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது. இரண்டும் கலந்த துணியே நடுவழி. வெளிர் சாம்பல், இளநீலம் ஆகிய நிறங்களில் அக்குள் ஈரம் தெளிவாகத் தெரியும். வெள்ளையிலும் நுண்ணிய கட்டங்களிலும் அவ்வளவாகத் தெரியாது. வெள்ளைக்குள் வெள்ளை பனியன் போட்டால் அதன் விளிம்பு வெளியே கோடாகத் தெரியும் என்பதால், தோல் நிறத்தை ஒட்டிய கைவைத்த பனியனை அணிந்தால் அது வியர்வையையும் வாங்கிக்கொள்ளும்.

தைத்துப் போடுகிறவர்கள் முழுக்கைச் சட்டைக்கு 58 அங்குல அகலத் துணியில் 1.60 மீட்டரும், பேண்டுக்கு 1.20 முதல் 1.30 மீட்டரும் வாங்கினால் பெரும்பாலும் போதும். பருத்தியாக இருந்தால் தைக்கக் கொடுப்பதற்கு முன்பே துணியை நனைத்து உலர்த்திவிடுங்கள். தைத்த பிறகு சுருங்கினால் டெய்லர் அண்ணாச்சியால் ஒன்றும் செய்ய இயலாது. தோள் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்க வேண்டும், கழுத்துப் பொத்தானைப் பூட்டிய பின் இரண்டு விரல் நுழைய வேண்டும், சட்டைக் கையின் விளிம்பு மணிக்கட்டு எலும்பைத் தொட வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால், அண்ணனிடம் இரவல் வாங்கிய சட்டையும் சொந்தச் சட்டையாகவே தெரியும். தவறினால், ரத வீதிக் கடையில் விலை பார்க்காமல் வாங்கியதும் இரவல் போலத் தெரியும். பேண்டின் அடிப்பகுதி ஷூவின் மேல் ஒரே ஒரு மடிப்பாக விழட்டும்.

துவைப்பதில் ஒரு எச்சரிக்கை உண்டு. ராதாபுரம், நாங்குநேரிப் பக்கத்து வீடுகள் பலவற்றில் உப்புத் தண்ணீரில்தான் துவைக்கிறோம். அதில் சோப்பு நுரைப்பதில்லை, வெள்ளைத் துணி மெல்ல மெல்ல மங்கிவிடும். இந்தச் சட்டையை மட்டுமாவது குடிதண்ணீரில் அலசி, அளவாக நீலம் போட்டு, நிழலில் உலர்த்துங்கள். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் காலத்தில் துணி ஒரே நாளில் காயாது. அரைகுறையாகக் காய்ந்ததைத் தேய்த்தால் புழுங்கிய வாடை நிற்கும். எனவே மூன்று நாள் முன்னதாகத் துவைத்துவிட வேண்டும். கஞ்சி மிகுந்தால் சட்டை விறைத்து நிற்கும், உட்கார்ந்து எழுந்ததும் முதுகில் கோடு கோடாக விழும். தேய்த்த மடிப்பு நிற்கும் அளவே கஞ்சி போதும்.

பெண்களுக்குச் சேலையா சுடிதாரா என்ற கேள்வி எப்போதும் வருகிறது. தமிழக அரசு 2019ஆம் ஆண்டு தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வெளியிட்ட ஆணையிலேயே சேலைக்கும் துப்பட்டாவுடன் கூடிய சுடிதாருக்கும் இடம் உண்டு. ஆண்களுக்குச் சட்டை பேண்டோடு வேட்டியும் அதில் இருக்கிறது. அதனால் எது மதிப்பானது என்று குழம்ப வேண்டியதில்லை, எது பழக்கமானது என்று மட்டும் பாருங்கள். வாழ்வில் நான்காவது முறையாகச் சேலை கட்டுகிறவர் அன்றைக்கு அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். கட்டுவதானால் கொசுவத்தையும் முந்தியையும் ஊக்கால் நிலைப்படுத்தி, படியேறி, குனிந்து, உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். துப்பட்டாவை இரு தோளிலும் குத்திவிட்டால் ஆனி, ஆடிக் காற்றில் அதைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டியிராது. கண்ணாடி வளையலும் கொலுசும் அமைதியான அறையில் ஒவ்வோர் அசைவுக்கும் ஒலிக்கும், கழற்றி வையுங்கள். மல்லிகைப்பூ குற்றமில்லை, ஆனால் குளிரூட்டிய மூடிய அறையில் அதன் மணம் கனக்கும் என்பதால் அன்று தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. நெற்றியில் திருநீறோ பொட்டோ, தலையில் முக்காடோ, கழுத்தில் சிலுவையோ உங்களுடையது. வேலைக்காக அதை அழிக்கவோ மறைக்கவோ யாரும் சொல்லக் கூடாது.

தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் மூடிய ஷூவுடன் செல்ல வேண்டும். பேச்சு முடிந்ததும் சில இடங்களில் உற்பத்திக் கூடத்தைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போவார்கள். அங்கே செருப்புக்கும் தொங்கும் துணிக்கும் அனுமதி இராது. புது ஷூ குதிகாலைக் கடிக்கும், ஒரு வாரம் மாலைகளில் வீட்டுக்குள் போட்டு நடந்து பழக்குங்கள். உட்காரும்போது கால் தெரியாத அளவுக்கு நீளமான காலுறை, ஷூவின் நிறத்திலேயே பெல்ட், முதல் நாள் இரவே பாலிஷ். தலைக்கு எண்ணெய் வைக்கும் பழக்கமுள்ளவர்கள் அன்று காலை துளியளவு தொட்டுக்கொண்டால் போதும், வெயிலில் அது நெற்றிக்கு இறங்கிச் சட்டைக் கழுத்தில் கறையாகும்.

இரண்டு நாள் முன்பு, முழு உடையையும் அணிந்து ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். எங்காவது இறுக்கினாலோ பொத்தானுக்கு நடுவே சட்டை பிளந்தாலோ வீட்டில் உள்ளவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள், திருத்தவும் நேரம் இருக்கும்.

திரும்பும்போதும் பழைய சட்டைக்கு மாறிவிட்டே பேருந்து ஏறுங்கள். வீட்டுக்கு வந்ததும் அதே மாலையில் தேர்வுச் சட்டையின் கழுத்தையும் அக்குளையும் சோப்புப் போட்டு அலசிக் கொடியில் போடுங்கள். வியர்வை ஊறினால் மஞ்சள் படியும். இரண்டாம் சுற்றுக்கு அவர்கள் நாளை மறுநாளே அழைத்தாலும் அழைக்கலாம்.