ஸ்கூட்டி களவு போன பிறகு: கொழும்பில் அடுத்ததைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

2023இல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்கு இறங்கி வந்தால், என் டியோ ஸ்கூட்டி நிற்கும் இடம் வெறுமையாக இருக்கிறது. அந்த இடம் கொஞ்சம் சரிவு. சைட் ஸ்டாண்ட் வழுக்காமல் இருக்க அதற்குக் கீழே ஒரு பலகைத் துண்டு வைப்பேன். அது மட்டும் நான் வைத்தபடியே கிடந்தது. வண்டியைக் காணவில்லை என்பதை நம்பவே எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அடுத்த இரண்டு வாரத்தில் எட்டு ஸ்கூட்டிகளைப் போய்ப் பார்த்தேன். அவற்றில் மூன்றை அவசரத்தில் கிட்டத்தட்ட வாங்கியே விட்டேன். அந்த மூன்றில் எதை வாங்கியிருந்தாலும் இன்றைக்கும் அழுதுகொண்டுதான் இருப்பேன். உங்களுக்கும் இப்படி ஒரு காலை வந்திருந்தால், முதல் தடவையாகப் பழைய வண்டி ஒன்றை வாங்கப் போகிறீர்கள் என்றால், கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

முதல் படி: போன வண்டியின் கணக்கை முடியுங்கள்

முதலில் 119க்குச் சொல்லுங்கள். பிறகு உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்துக்கு நேரே போய் முறைப்பாடு எழுதி, அதன் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பிரதி இல்லாமல் காப்புறுதியில் எதுவும் நகராது. எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் (வண்டியின் சட்டகத்தில் அடித்திருப்பது) முறைப்பாட்டில் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். என்னுடையதில் ஒரு எழுத்து மாறியிருந்தது, அங்கேயே நின்று திருத்த வைத்தேன். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். லீசிங்கில் எடுத்த வண்டி என்றால் லீசிங் நிறுவனத்துக்கும் அன்றைக்கே சொல்லுங்கள். வண்டி போனாலும் தவணை நிற்காது.

காப்புறுதி தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் களவுக்கு ஒரு சதமும் வராது. ஃபுல் இன்சூரன்ஸ் என்றால் வரும், ஆனால் எவ்வளவு வரும் என்பது நீங்கள் எழுதிக்கொடுத்த பெறுமதியைப் பொறுத்தது. நான் 2018இல் எழுதிக்கொடுத்த பெறுமதியையே ஒவ்வொரு வருடமும் புதுப்பித்து வந்தேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய ஸ்கூட்டிகளின் விலை எங்கேயோ போய்விட்டது. கிடைத்த காசுக்கும் சந்தை விலைக்கும் நடுவே பெரிய பள்ளம். அடுத்த வண்டிக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்பதை, காப்புறுதி தரும் தொகையை எழுத்தில் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். இரண்டு சாவியையும் கேட்பார்கள், எடுத்து வையுங்கள்.

இரண்டாம் படி: இரவில் எங்கே நிற்கும்?

எந்த மொடல், என்ன நிறம் என்று யோசிப்பதற்கு முன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். என்னைக் கேட்டால் முழுத் தேர்வும் இதில்தான் இருக்கிறது. பகலில் ஓடுவது இரண்டு மணி நேரம் என்றால், மிச்ச நேரமெல்லாம் எங்கோ நின்றுகொண்டுதானே இருக்கிறது!

அளவு நாடா ஒன்றை எடுத்துக்கொண்டு கீழே போங்கள். கேட்டுக்கு உள்ளே, மாடிப்படிக்குக் கீழே, கிறில் போட்ட இடம் ஏதாவது இருக்கிறதா? வழியின் அகலத்தை அளந்து எழுதுங்கள். படி இருந்தால் அதன் உயரத்தையும் எழுதுங்கள். வண்டி பார்க்கப் போகும்போது ஹேண்டிலின் இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை அளந்து ஒப்பிடலாம். எங்கள் ஃபிளாட்டில் மீற்றர் பெட்டிகளுக்குக் கீழே ஒரு மூலை இருந்தது. ஒரு படி ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். ஐந்து வருடம் அதைப் பார்த்துக்கொண்டே வெளியே விட்டேன். அந்த ஒரு படிதான் எனக்கு எந்த வண்டி என்பதையும் முடிவு செய்தது. ஸ்கூட்டி பெப் பிளஸ் 100 கிலோவுக்குக் குறைவு. ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் நான் தனியாகவே ஏற்றிவிடுவேன். என்டோர்க் அதைவிட இருபது கிலோவுக்கு மேல் கூட. ஓடுவதற்கு அருமையான வண்டிதான், ஆனால் தினமும் இரவில் அந்தப் படியில் என்னால் முடியாது.

பாரம் குறைந்த வண்டியை இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கி லொறியில் போட்டுவிடலாம் என்பதையும் மறக்க வேண்டாம். இரவில் வீதியில்தான் விட வேண்டும், வேறு வழியில்லை என்றால் பாரமான வண்டியும், சங்கிலி போட அசையாத ஒரு இரும்பும் தேவை.

மூன்றாம் படி: உங்கள் லைசன்ஸை எடுத்துப் பாருங்கள்

சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஏ1 என்று இருந்தால் 100 சிசிக்கு மேற்படாத வண்டிகள் மட்டும்தான். அதற்கு மேல் ஏ வகுப்பு வேண்டும். பெப் பிளஸ் 87.8 சிசி. டியோவும் அக்டிவாவும் 109 சிசி, என்டோர்க் 125 சிசிக்குக் கிட்ட. வகுப்பு பொருந்தாமல் ஓடி விபத்து நடந்தால் காப்புறுதியும் கைவிடும்.

நான்காம் படி: புதுசா, பழசா, மின்சாரமா?

2025 பெப்ரவரியிலிருந்து வாகன இறக்குமதி திரும்பத் திறந்திருக்கிறது, அதனால் புது வண்டியும் எடுக்கலாம். காசு இருந்தால் புதுசுதான் நிம்மதி, பத்திரத் தலையிடியே கிடையாது. மின்சார ஸ்கூட்டி எடுப்பதென்றால் பற்றரியைக் கழற்றி மேலே கொண்டுபோக முடிகிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். நாலாம் மாடியில் இருப்பவருக்கு அதைவிடப் பெரிய கேள்வி இல்லை. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல்தான். அந்த நாட்களைக் கடந்து வந்தவர்கள் மைலேஜ் பற்றி யாரும் சொல்லாமலே யோசிப்பார்கள்.

மற்ற எல்லாருக்கும் பழைய வண்டிதான். இக்மன், ரியசேவன விளம்பர இணையதளங்களில் தேடுங்கள், தெரிந்த கராஜில் சொல்லி வையுங்கள். ஒரே மொடல், ஒரே வருடம் என்று பத்து விளம்பரம் பார்த்தால் நடப்பு விலை பிடிபடும். அதைவிட நன்றாகக் குறைத்து ஒன்று வந்தால் சந்தோஷப்படாதீர்கள். ஏன் குறைவு என்பதைக் கண்டுபிடித்த பிறகுதான் அடுத்த அடி.

ஐந்தாம் படி: பத்திரம்

இதில் நேரம் எடுங்கள். வண்டியைத் தொடுவதற்கு முன்னால் புத்தகத்தைக் கேளுங்கள். இப்போது தாளாக வந்தாலும் பதிவுச் சான்றிதழை எல்லாரும் புத்தகம் என்றுதான் சொல்கிறோம். அதில் உள்ள பெயரும், உங்களுக்கு முன்னால் நிற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றா?

ஒன்றில்லை என்றால் "ஓப்பன் பேப்பர்ஸ் இருக்கு, பிரச்சினை இல்லை" என்பார்கள். பதிவு உரிமையாளர் வெறும் உரிமை மாற்றப் படிவங்களில் கையெழுத்து வைத்துக் கொடுத்திருப்பார். வண்டி மூன்று நான்கு கை மாறியிருக்கும், திணைக்களத்தில் இன்னும் முதல் ஆளின் பெயர்தான் இருக்கும். கொழும்பில் இது சர்வசாதாரணம். இருந்தாலும் ஒரு தடவை களவு கொடுத்தவர் இதற்குப் போகவே கூடாது. இந்த வண்டியும் களவு போனால், சட்டப்படி உரிமையாளர் நீங்கள் இல்லை. முறைப்பாடு எழுதப் போனால் முதல் கேள்வி அதுதான். காப்புறுதிப் பணம் கேட்டுப் போனாலும் அதே கேள்விதான். பதிவு ஆள் வெளிநாட்டில் இருந்தாலோ இறந்துபோயிருந்தாலோ யாரிடம் போய்க் கையெழுத்துக் கேட்பீர்கள்?

புத்தகத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான விடுவிப்புக் கடிதம் கையில் வரும்வரை காசு கொடுக்க வேண்டாம். திணைக்களத்தின் இணையதளத்தில் இலக்கத் தகட்டு எண்ணைக் கொடுத்து வண்டியின் விபரத்தைப் பார்க்கலாம், அதையும் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். வருமான அனுமதிப்பத்திரமும் புகைச் சான்றிதழும் நடப்பில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். வரி கட்டாத வருடங்கள் இருந்தால் அந்தச் சுமை உங்கள் தலையில்தான் விழும்.

ஆறாம் படி: பென்சிலும் ஒரு வெள்ளைத் தாளும்

எஞ்சின் இலக்கம் பெரும்பாலான ஸ்கூட்டிகளில் எஞ்சின் உறையின் இடப்பக்கம், கீழே அடித்திருக்கும். செசி இலக்கம் மொடலுக்கு மொடல் மாறும், மெக்கானிக்குக்குத் தெரியும். துணியால் எண்ணெய் அழுக்கைத் துடைத்துவிட்டு, மெல்லிய தாளை மேலே வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தேயுங்கள். இலக்கம் தாளில் வெள்ளையாக எழும்பி வரும். வெறும் கண்ணுக்குத் தெரியாதது அதில் தெரியும்: ஒரு எண் மற்றவற்றைவிட ஆழமாக இருக்கும், அல்லது வரிசையிலிருந்து விலகி நிற்கும், அல்லது சுற்றிவர அரத்தால் ராவிய கோடுகள் விழுந்திருக்கும்.

தெமட்டகொடைப் பக்கம் ஒரு டியோ. விலை நன்றாகக் குறைவு, நிறமும் என்னுடையதைப் போலவே. என்னோடு வந்த மெக்கானிக் அண்ணா தேய்த்த தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நடுவே மூன்று எண்கள் மட்டும் தடித்துத் தெரிந்தன. அந்த இடத்தில் பெயின்ற்றும் புதிதாக மினுங்கியது. அவர் ஒன்றும் பேசாமல் தாளை மடித்து என் கையில் வைத்து, "வாங்க தங்கச்சி, போவோம்" என்றார். வீட்டுக்கு வரும் வழி முழுக்க அந்த வண்டியின் சொந்தக்காரரைத்தான் நினைத்தேன். அவரும் ஒரு காலை இறங்கி வந்து வெறும் இடத்தைப் பார்த்திருப்பார். நாம் குறைந்த விலை என்று வாங்கினால், நம்மிடம் எடுத்தவனுக்கே அடுத்த சந்தையைத் திறந்து கொடுக்கிறோம். இலக்கத்தில் சந்தேகம் வந்தால் அங்கே நின்று வாதாட வேண்டாம். கிளம்பி வந்து பொலிஸுக்குச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: வண்டியைப் பார்ப்பது

பகலில் போங்கள், துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள், மெக்கானிக் வந்தால் மிக நல்லது. "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முதலே சொல்லி வையுங்கள். போனதும் எஞ்சின் பக்கம் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை உங்களுக்காக ஓட்டித் தயார் செய்திருக்கலாம். ஸ்டார்ட் செய்ததும் புகையைப் பாருங்கள். நீல நிறம் விடாமல் வந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது, அந்த வேலை செலவானது.

நடு ஸ்டாண்டில் ஏற்றி, முன் சில்லை நிலத்திலிருந்து எழுப்பி, ஹேண்டிலை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்புங்கள். நடுவில் 'டக்' என்று பிடித்தால் பெயாரிங் தேய்ந்திருக்கிறது. அப்புறம் ஹேண்டிலை லொக் பண்ணிக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். களவு எடுக்க முயன்ற வண்டிகளில் இந்த லொக் அடிபட்டுத் தளர்ந்திருக்கும். இரண்டு சாவியும் இருக்கிறதா, சீட்டையும் திறக்கிறதா என்று பாருங்கள். ஓடும்போது வேகம் கூட்டினால் எஞ்சின் மட்டும் கத்தி வண்டி பின்தங்கினால் பெல்ட்டோ கிளச்சோ போயிருக்கிறது. அதை மாற்றலாம், விலையில் பேசிக் குறையுங்கள்.

மீற்றர் காட்டும் கிலோமீற்றரை அப்படியே நம்ப வேண்டாம். டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை செய்தது. 2019 வண்டியில் 2023இல் செய்த டயர், மீற்றரில் 6,000 கிலோமீற்றர் என்றால் கணக்கு இடிக்கிறது: அவ்வளவு குறைவாக ஓடியிருந்தால் டயரை ஏன் மாற்றினார்கள்?

கொழும்பில் இரண்டு விஷயங்கள் கூட. வெள்ளவத்தை, தெஹிவளை, மரைன் டிரைவ் பக்கம் ஓடிய வண்டியை உப்புக் காற்று அடியிலிருந்து தின்னும். மேலே பொலிஷ் போட்டு மினுங்கினாலும், ஃபோன் டோர்ச்சை அடித்துக் குனிந்து சைலன்சரின் அடியையும் கால் வைக்கும் தட்டின் கீழ்ப்புறத்தையும் பாருங்கள். துரு செதில் செதிலாக உதிர்ந்தால் விட்டுவிடுங்கள். கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் 2016 மே மாதம்போல களனி கங்கை பெருகும்போது வண்டிகள் மூழ்கும். சீட்டுக்குக் கீழே மூலைகளில் மண்படிவு, ஹெட்லைட்டுக்குள் சேற்றுக் கோடு, வயர் இணைப்புகளில் பச்சை பிடித்திருப்பது எல்லாம் அதன் அடையாளம். இந்த வண்டிகள் இரண்டு மாதம் நன்றாக ஓடும். பிறகு ஒவ்வொரு வயராகப் பழுது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எட்டாம் படி: காசும் பெயர் மாற்றமும்

காசை வங்கி வழியாகக் கொடுங்கள், கணக்கு புத்தகத்தில் உள்ளவரின் பெயரில் இருக்கட்டும். உரிமை மாற்றத்துக்கான எம்டிஏ 6, எம்டிஏ 8 படிவங்களில் அவர் உங்கள் முன்னாலேயே கையெழுத்து வைக்கட்டும், அடையாள அட்டைப் பிரதியையும் வாங்குங்கள். பெயர் மாற்றத்தை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடாமல் நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு உடனே கிளம்புங்கள். காப்புறுதியை வண்டியை வீட்டுக்கு ஓட்டி வருவதற்கு முன்னாலேயே போடுங்கள், இன்றைய சந்தை விலையில் ஃபுல் இன்சூரன்ஸாக.

ஒன்பதாம் படி: முதல் இரவு

பூட்டை வண்டிக்கு முன்னாலேயே வாங்கி வையுங்கள். முன் சில்லில் டிஸ்க் பிரேக் இருந்தால் டிஸ்க் லொக் போடலாம். பெப் பிளஸ் போல டிரம் பிரேக் என்றால் தடித்த சங்கிலிதான், பின் சில்லுக்குள்ளால் விட்டு கிறிலோடு சேர்த்துப் பூட்டுங்கள். ஹேண்டில் லொக்கை மட்டும் நம்பித்தான் நான் டியோவை இழந்தேன். நல்ல வயர்மேன் ஒருவர் ஒரு மணி நேரத்தில் வண்டியை ஸ்டார்ட் ஆகவிடாத மறைவான கட் ஓஃப் சுவிட்ச் ஒன்றைப் போட்டுத் தருவார். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்கு மட்டும் சொல்லுங்கள்.

புத்தகத்தைச் சீட்டுக்குக் கீழே வைக்கவே வேண்டாம், வீட்டில் இருக்கட்டும். பென்சிலால் தேய்த்து எடுத்த அந்தத் தாளையும் அதோடு வையுங்கள். என்னுடையது அலுமாரியில் புத்தகத்துக்குள் மடித்து இருக்கிறது. இரண்டாவது சாவி கொட்டாஞ்சேனையில் அக்கா வீட்டில். பலகைத் துண்டு இப்போது மீற்றர் பெட்டிக்குக் கீழே, அந்தப் படியில் சாய்த்தபடி இருக்கிறது.