டர்பன் கடைக்கும் பீட்டர்மரிட்ஸ்பர்க் கிடங்குக்கும் ஒரு வயர்கார்ட் டனல்

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் கடையும் பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் கிடங்கும் வைத்திருப்பவர், கிடங்கிலுள்ள கணக்குக் கணினியைக் கடையிலிருந்தே திறக்க இரு ரௌட்டர்களுக்கும் இடையே, வயர்கார்ட் என்ற விபிஎன் முறையில் ஒரு டனல் (இணையத்தின் வழியே போகும் மறைகுறியாக்கப்பட்ட தனிப்பாதை) போதும். இரண்டும் ரௌட்டர்ஓஎஸ் 7 என்ற இயங்குதளம் உள்ள மைக்ரோடிக் நிறுவன ரௌட்டர்கள் என்றும், கடைக்கு மட்டும் நிலையான பொது ஐபி முகவரி உண்டு என்றும் கொள்வோம்.

முதலில் முகவரிகளைப் பிரியுங்கள். புதிய மைக்ரோடிக்கின் உள்வலை பெரும்பாலும் 192.168.88.0/24 ஆகவே வரும். இருபுறமும் அதையே விட்டுவிட்டால் கடையின் கணினி மறுபுறக் கணினியைத் தன் வலைக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். கிடங்கின் வலையை 192.168.89.0/24 என மாற்றிய பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

அடுத்து, இருபுறமும் வயர்கார்ட் இன்டர்ஃபேஸ் ஒன்றை உருவாக்குங்கள். சாவிகள் தாமே உருவாகும். போர்ட் 13231, எம்டியூ (ஒரு தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவு) 1420 என்பவை அப்படியே இருக்கட்டும். கடையின் இன்டர்ஃபேஸுக்கு 10.10.10.1/30, கிடங்கினதற்கு 10.10.10.2/30 கொடுங்கள்.

மூன்றாவது படியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பியர் (மறுமுனை ரௌட்டர்) பகுதியில் மறுபுறத்தின் பொதுச் சாவியை இடுங்கள். தனிச் சாவி ரௌட்டரை விட்டு வெளியேறவே கூடாது. அலவுட் அட்ரஸில் (டனல் வழியே அந்த மறுமுனைக்கு அனுமதிக்கும் முகவரிகள்) கடையின் ரௌட்டருக்கு 10.10.10.2/32, 192.168.89.0/24 என்றும், கிடங்கினதற்கு 10.10.10.1/32, 192.168.88.0/24 என்றும் எழுதுங்கள். கடையின் பொது முகவரியையும் போர்ட்டையும் கிடங்கில் எண்ட்பாயிண்ட்டாகக் (தொடர்புகொள்ள வேண்டிய முகவரியாகக்) குறித்து, கீப்அலைவை (இணைப்பு அறாமலிருக்க அனுப்பும் சிறு செய்தியின் இடைவெளியை) 25 விநாடிகள் ஆக்குங்கள். அலவுட் அட்ரஸ் எழுதியதால் ரௌட்டர்ஓஎஸ் வழியைத் தானே சேர்த்துவிடாது. மறுபுற வலைக்கு இந்த இன்டர்ஃபேஸையே கேட்வேயாகக் கொண்ட ரூட்டை இருபுறமும் நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

கடையின் ஃபயர்வாலில், இன்புட் செயினின் (ரௌட்டருக்கே வரும் போக்குவரத்துக்கான விதிவரிசையின்) டிராப் விதிக்கு, அதாவது மற்றதைத் தள்ளிவிடும் விதிக்கு, மேலே, யுடிபி 13231-ஐ அனுமதிக்கும் விதியை வையுங்கள். கீழே வைத்த விதி இருந்தும் இல்லாததுதான்.

இன்டர்ஃபேஸ் ஓடுவதாகக் காட்டுவதை நம்பாதீர்கள்; மறுமுனை செத்திருந்தாலும் அது அப்படித்தான் காட்டும். பியரின் கடைசி ஹேண்ட்ஷேக் (இரு முனைகளும் ஒன்றையொன்று உறுதிசெய்யும் பரிமாற்றம்) நடந்து எவ்வளவு நேரமானது என்பதே சான்று. கீப்அலைவ் ஓடும்போது அது மூன்று நிமிடத்தைத் தாண்டினால் இணைப்பு இல்லை.

நம் ஊர் மின்வெட்டுக்காக இன்னொன்று. சிறு ரௌட்டர்கள் பலவற்றில் கடிகாரத்துக்கென பேட்டரி கிடையாது. மின்சாரம் திரும்பியதும் கிடங்கின் ரௌட்டர் பழைய நேரத்தில் எழுந்தால், அதன் ஹேண்ட்ஷேக்கைப் பழையது என்று கடையின் ரௌட்டர் தள்ளிவிடும். ஆகவே நேரத்தை வலை வழியே சரிசெய்யும் என்டிபி கிளையன்ட்டை இயக்கி, டனலைக் கடக்காமல் எட்டக்கூடிய சர்வரையே அதில் குறியுங்கள். டனலுக்கு அப்பாலுள்ள சர்வரைக் குறித்தால், நேரம் சரியாகாமல் டனல் எழாது, டனல் எழாமல் நேரமும் சரியாகாது.