கடல்மீன் தொட்டியில் சண்டை வந்தால் முதலில் அடித்ததைப் பிடியுங்கள்

சேலத்தில் உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய கதை. மீன் சென்னையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் பார்சலாக வரும். காலையில் புது பஸ் ஸ்டாண்டில் பெட்டியை வாங்கி வந்து தொட்டியில் விடுவோம். சாயங்காலம் பார்த்தால் துடுப்பு கிழிந்து மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். யாரைக் கேட்டாலும் "மருந்து போடுங்க" என்பார்கள். மருந்தெல்லாம் அப்புறம். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, அதைச் செய்தால் பல சமயம் மருந்தே வேண்டியிருக்காது.

என்னுடையது நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குக்கு 255 லிட்டர். கல்லும் மணலும் போக இன்னும் குறையும். ரவுடி ஒரு மஞ்சள்வால் டாம்சல், இரண்டு அங்குலம்கூட இருக்காது. அடி வாங்கியது புதிதாக வந்த ஃபயர்ஃபிஷ். இந்த ஜோடியை வைத்தே சொல்கிறேன். க்ளவுன், டாங், டாட்டிபேக் என்று எந்த மீனானாலும் முறை ஒன்றுதான். உப்புக் கலப்பது, தொட்டியை சைக்கிள் செய்வது (மீன் விடும் முன் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவை வளர்ப்பது), ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி) எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: அடியா, நோயா?

கிழிந்த துடுப்பு, ஒரு பக்கம் மட்டும் செதில் உரிந்த இடம், ஒரு கண் மட்டும் வீங்கியோ மங்கியோ இருப்பது: இவை பெரும்பாலும் அடி. இரண்டு கண்ணும் சேர்ந்து வீங்கினால் தண்ணீரையோ நோய்த்தொற்றையோ சந்தேகப்படுங்கள். உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளி, கல்லில் உடம்பைத் தேய்ப்பது, இது ஒட்டுண்ணி. இந்தக் கட்டுரை அதற்கு உதவாது.

இன்னொன்று. காலையில் செத்த மீனை நண்டு தின்றுகொண்டிருந்தால் உடனே நண்டுதான் கொன்றது என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் செத்த பிறகுதான் நண்டு வரும்.

படி 2: யார் அடிக்கிறார்கள்?

நாம் எதிரில் நின்றால் எல்லா மீனும் தீனி வருகிறது என்று முன்னால் வந்து நல்ல பிள்ளையாக நிற்கும். போனை ஸ்டாண்டில் வைத்து வீடியோ ஓட விட்டு, அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். விளக்கு எரிந்த முதல் அரைமணியும் அணைவதற்கு முன் அரைமணியும் முக்கியம். இடத்துக்கான சண்டை அப்போதுதான் நன்றாகத் தெரியும்.

க்ளவுனில் ஒரு விஷயம். சின்னது பெரியதற்கு முன்னால் உடம்பை நடுங்க வைத்துத் தலையை ஆட்டினால் பயப்படாதீர்கள், அது பணிந்து போவது. க்ளவுன்கள் ஆணாகவே வளரத் தொடங்கி, கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும்; கொஞ்சம் இடிப்பது அந்த ஏற்பாட்டின் பகுதி. ஆனால் மூன்று வாங்கியிருந்தால், இரண்டு ஜோடி சேர்ந்தபின் மூன்றாவதன் பாடு திண்டாட்டம்தான். அதை முதலிலேயே எடுத்துவிடுங்கள்.

படி 3: அடித்ததைப் பிடித்து உள்ளே போடுவது

எல்லாரும் அடிபட்டதைத்தான் தனியாக எடுப்பார்கள். அதற்கு ஏற்கெனவே பாதி உயிர் போயிருக்கும், அதை வலையில் துரத்துவது இன்னொரு அடி. அது இல்லாத நாட்களில் ரவுடி முழுத் தொட்டியையும் தன்னுடையது என்று எழுதி வைத்துக்கொள்ளும். குணமாகித் திரும்பும்போது மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பம். அதனால் மூச்சு வாங்கிக்கொண்டு, தின்னாமல், அடிபட்டது நிற்கவே தடுமாறினால் மட்டும் அதை எடுங்கள். மற்றபடி வெளியே போக வேண்டியது அடித்ததுதான்.

பிடிப்பதுதான் கஷ்டம். கல் நிறைந்த தொட்டியில் டாம்சலை வலையால் பிடிக்க முடியாது. நீங்கள் கை விடுவதற்குள் அது கல்லுக்குள் போயிருக்கும்.

கூண்டு நாமே செய்துகொள்ளலாம். பாட்டிலை வெட்டித் தலைகீழாகச் செருகும் கூண்டைப் பலர் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. கழுத்து குறுகல், டாம்சலே நுழையத் தயங்கும். அதைவிட சமையலறையில் இருக்கும் கண்ணாடிபோலத் தெளிவான பிளாஸ்டிக் டப்பா நல்லது. சோப்பு படாமல் கழுவி, தொட்டிக்குள் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். மிதக்காமல் இருக்க உள்ளே ஒரு சின்னக் கல். வாயை மேல் விளிம்பிலிருந்து மூடும்படி ஒரு பிளாஸ்டிக் துண்டைத் தொங்கவிட்டு, அதைத் தூண்டில் நரம்பால் தூக்கிப் பிடித்து நரம்பின் நுனியை வெளியே கொண்டுவாருங்கள். நரம்பை விட்டால் கதவு விழ வேண்டும். தொட்டியில் வைக்கும் முன் வாளித் தண்ணீரில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கதவு லேசாக இருந்தால் மிதந்துவிடும், ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டினால் சரியாகும்.

வைத்த அன்றே பிடிக்கப் பார்க்காதீர்கள், அங்கேதான் எல்லாரும் கோட்டை விடுகிறோம். கதவைத் திறந்தே வைத்து சில நாள் தீனியை அதற்குள் மட்டும் போடுங்கள். முதலில் எட்டிப் பார்க்கும், ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு ஓடிவிடும், அப்புறம் உள்ளேயே நின்று தின்னும். அப்படி நின்று தின்ன ஆரம்பித்த பிறகு ஒரு வேளைத் தீனியை விட்டுவிட்டு, அடுத்த வேளை போட்டுவிட்டு நரம்பை விடுங்கள். தீனி என்றால் மீன் மார்க்கெட்டில் வாங்கிய இறாலை ஓடு நீக்கி, நன்றாகக் கழுவி, பொடியாக நறுக்கியதே போதும். கூண்டுக்குள் அதன் வாசனையை டாம்சல் விடாது.

சில நாள் பொறுக்க முடியாத அளவு அடி விழுகிறதென்றால் இரவு வேலை. டாம்சல் தினமும் ஒரே பொந்தில்தான் தூங்கும். விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, சிவப்பு வெளிச்ச டார்ச்சில் அந்தப் பொந்தைக் கண்டுபிடித்து, கல்லோடு மெதுவாகத் தூக்கித் தொட்டித் தண்ணீர் நிரப்பிய வாளிக்குள் வையுங்கள். பெரும்பாலும் கல்லை விட்டு வராது.

வலை வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம். மரூன் க்ளவுனுக்குக் கண்ணுக்குக் கீழே முள், ஏஞ்சலுக்குச் செவுள்மூடியில் முள், டாங்குக்கு வாலடியில் கத்தி. மூன்றும் வலையில் சிக்கிக்கொள்ளும், அறுக்கும்போது மீன் இன்னும் காயப்படும். டப்பாவில் தண்ணீரோடு அள்ளுங்கள். ஃபாக்ஸ்ஃபேஸ் என்ற மீனின் துடுப்பு முள்ளில் விஷம் உண்டு. குத்திவிட்டால் தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் கையை வைத்திருங்கள், வலி குறையும். வீக்கம் கூடினாலோ மூச்சு திணறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பிடித்ததை எங்கே வைப்பது? தனித் தொட்டி இல்லாவிட்டால் காய் வடிக்கும் பிளாஸ்டிக் கூடை போதும். விளிம்பில் தெர்மாகோல் துண்டு கட்டிப் பெரிய தொட்டியிலேயே மிதக்கவிட்டு, மேலே வலை மூடுங்கள். தண்ணீர் உள்ளே ஓடும், அம்மோனியா கவலை இல்லை.

படி 4: அடிபட்டதைப் பார்த்துக்கொள்வது

துடுப்பின் அடிப்பகுதி நன்றாக இருந்தால் கிழிந்த துடுப்பு இரண்டு மூன்று வாரத்தில் தானாக வளரும். அடித்ததை எடுத்த பிறகு சுத்தமான தண்ணீர், வயிறார தீனி, ஒளிந்துகொள்ள ஒரு பொந்து. அவ்வளவுதான்.

எடுத்தே ஆக வேண்டுமென்றால் இரண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று அடித் தொட்டி, அதாவது 56 லிட்டர். மணல் வேண்டாம், கல் வேண்டாம், இரண்டு மூன்று பிவிசி குழாய்த் துண்டு, ஸ்பாஞ்சு ஃபில்டர், ஏர் பம்ப். மேலே மூடி கட்டாயம், பயந்த ஃபயர்ஃபிஷ் குதித்துவிடும். ஸ்பாஞ்சு புதியதாக இருந்தால் பயனே இல்லை, அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா அதில் இருக்காது. பெரிய தொட்டியின் சம்பில் (கீழே இருக்கும் ஃபில்டர் தொட்டியில்) ஒரு ஸ்பாஞ்சு எப்போதும் கிடக்கட்டும், தேவைப்படும்போது அதை எடுத்துப் பயன்படுத்துங்கள். கடல்நீரின் பிஹெச் 8.2 பக்கம் இருக்கும்; பிஹெச் 7 உள்ள நன்னீரில் தாங்குகிற அம்மோனியா இங்கே பல மடங்கு விஷம். தினமும் அம்மோனியா டெஸ்ட், தினமும் கால்வாசித் தண்ணீர் மாற்று. அதற்கு இருபது லிட்டர் தண்ணீர் கேனில் உப்புக் கலந்து, காற்று ஓடவிட்டு, எப்போதும் தயாராக இருக்க வேண்டும். ஆர்ஓ தண்ணீர்தான், நம்மூர் போர் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பார்த்தாலே ஏன் என்று புரியும்.

உப்பளவைப் பார்க்க ஊசி ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நம்பாதீர்கள், ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். அதையும் 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) திரவத்தில் சரிசெய்துகொள்ளுங்கள். இரண்டு தொட்டியிலும் ஒப்படர்த்தி 1.025 பக்கமே இருக்கட்டும்.

மருந்து எப்போது? காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினால், பஞ்சுபோல வெள்ளை படிந்தால், தீனியைத் திரும்பியே பார்க்காவிட்டால். அப்போதும் தனித் தொட்டியில் மட்டும், தெரிந்த கால்நடை மருத்துவரைக் கேட்டு. மருந்துக்கடை டெட்ராசைக்ளின் கேப்சூலைப் பிரித்துக் கொட்டுவது இங்கே பழக்கம். அது கடல்நீரின் கால்சியம், மெக்னீசியத்தோடு ஒட்டிக்கொண்டு பெரும்பகுதி வீணாகும். காப்பர் மருந்து ஒட்டுண்ணிக்கு, காயத்துக்கு இல்லை. பெரிய தொட்டியில் போட்டால் இறாலும் நத்தையும் காலி.

பிற்சேர்க்கை: கல்லுப்பு போடலாமா, மஞ்சள் தடவலாமா என்று பலர் கேட்டுவிட்டார்கள். கல்லுப்பு நன்னீர் மீனுக்கான வைத்தியம், இது ஏற்கெனவே உப்பில்தான் இருக்கிறது. மஞ்சள் தடவ மீனை வெளியே எடுத்துப் பிடிக்க வேண்டும், அதிலேயே உடம்பின் வழவழப்பு போய்விடும். இரண்டும் வேண்டாம்.

படி 5: திரும்பச் சேர்ப்பது

ரவுடி கூடைக்குள் அடைபட்டிருக்கும் நேரத்தில் கற்களை மாற்றி அடுக்குங்கள். ஒன்றிரண்டு கல்லை நகர்த்தினால் போதாது, அதன் பழைய பொந்து இருந்த இடமே தெரியக்கூடாது. வாடகை வீடு மாறியவர்போல அது திரும்பி வந்து முதலில் தனக்கு இடம் தேட வேண்டும். பழைய ஆழமான மணலை மட்டும் கிளறாதீர்கள்.

வடிகூடை இப்போது உதவாது, அதன் சுவர் வழியே ஒன்றை ஒன்று பார்க்க முடியாது. ஓட்டை போட்ட தெளிவான டப்பா வேண்டும். சோல்டரிங் அயர்னால் ஓட்டை போட்டு, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். டாம்சலை அதற்குள் வைத்துத் தொட்டிக்குள் தொங்கவிடுங்கள். முதலில் சுவரில் மோதும், துடுப்பை விரித்து வாலால் அடிக்கும். மற்ற மீன் அருகில் போனாலும் அது திரும்பிப் பார்க்காமல் தின்னத் தொடங்கினால் தயார். நாள் கணக்கு வைக்காதீர்கள், அந்த நடத்தையைப் பாருங்கள். எல்லாருக்கும் தீனி போட்டுவிட்டு, விளக்கு அணையும் முன் திறந்துவிடுங்கள்.

டாங் வைத்திருப்பவர்கள் வெளிக்கண்ணாடியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வையுங்கள். கொஞ்ச நேரம் தன்னோடு தானே சண்டை போட்டுக்கொண்டிருக்கும், புதியது அதற்குள் ஒரு பொந்து பிடித்துவிடும். மசாலா தடவாத நோரியை (உலர்த்திய கடற்பாசித் தாள்) இரண்டு கிளிப்பில் இரண்டு ஓரத்திலும் மாட்டுங்கள்; ஒரே கிளிப் என்றால் அதற்கும் அடிதடி.

மறுபடியும் அடித்தால்? டப்பாவுக்குள் இன்னொரு முறை. அப்போதும் திருந்தாவிட்டால் கடைக்கே கொடுத்துவிடுங்கள், அதில் மானக்கேடு ஒன்றுமில்லை. சைக்கிள் செய்ய டாம்சல் விடச் சொல்வதை இனியாவது கேட்காதீர்கள். சாதுவான மீன் முதலில், முரடு கடைசியில்.

பிற்சேர்க்கை: ஏற்காட்டிலிருந்து ஒருவர், தனித் தொட்டியில் மீன் தின்னவே மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தார். பெரிய தொட்டியில் ஹீட்டர் இருந்திருக்கிறது, சின்னதில் இல்லை. மலையில் ராத்திரிக் குளிருக்குச் சின்னத் தொட்டி வேகமாக ஆறிவிடும், அதற்கும் ஒரு ஹீட்டர் போடுங்கள். 25, 26 டிகிரி போதும். கீழே சேலத்தில் ஏப்ரல், மே மாதம் நேர் எதிர். சூடான உப்புநீரில் ஆக்சிஜன் குறைவு, கரண்ட் பராமரிப்புக்கு நிறுத்தும் நாளில் பேட்டரி ஏர் பம்ப் இல்லாமல் காயம்பட்ட மீனை வைத்திருக்காதீர்கள். ஃபேன் வைத்துக் குளிரவைத்தால் தண்ணீர் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும். குறைந்ததை வெறும் ஆர்ஓ தண்ணீரால் நிரப்புங்கள், உப்புத் தண்ணீரால் அல்ல.