தீபாவளிச் சேலைக்கு மூன்று போதும்

தீபாவளி முற்பணம் கிடைத்ததும் ஹட்டன் கடைத்தெருவுக்குப் புறப்படுகிறவர்கள், விலையையும் நிறத்தையும் வீட்டிலேயே முடிவுசெய்துகொண்டு, புடவைக்கடையில் அதற்குள் அடங்கும் மூன்று சேலைகளை மட்டும் எடுத்துக் காட்டச் சொல்லி, அவற்றுள் ஒன்றைத் தெரிவுசெய்வது நல்லது. மேசை நிறைய விரித்துப் பார்த்தபின் எதை வாங்கினாலும், விட்டுவந்த மயில்கழுத்து நிறமே மனத்தில் நின்று, வாங்கிய சேலையின் மகிழ்ச்சியைக் குறைத்துவிடக்கூடும். ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் 2000இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வொன்றில், கடையில் 24 வகை ஜாம் வைத்தபோது நின்று பார்த்தவர்களில் சுமார் 3 சதவீதத்தினரே வாங்கினர். 6 வகை வைத்தபோது சுமார் 30 சதவீதத்தினர் வாங்கினர். பின்வந்த ஆய்வுகளில் சில இதைக் காட்டவில்லை. தமக்கு வேண்டியதைத் தெளிவாக அறிந்தவருக்கு வகை கூடினாலும் தொல்லையில்லை. கல்யாணச் சேலைக்கு இம்முறை பொருந்தாது. அதை ஆற அமரப் பார்த்தே எடுக்க வேண்டும்.